பெட்டிக்குள் ஒரு பச்சோந்தி

செந்துறை தாலூகாவில் முந்திரிக் கொல்லை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கொல்லையைச் சுற்றியிருந்த பழைய கிளுவை வேலியை வெட்டிக் கம்பிவேலி போடும்பொழுது, வேலையாட்கள் ஒரு பச்சோந்தியைக் கண்டு அதை அடிக்கப் போனார்களாம். கல்லூரியில் படிக்கும் அவருடைய புதல்வர் அவர்களைத் தடுத்து, அதைப் பிடித்து வந்து, மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் விட்டிருக்கிறார். வயிறு பருத்திருப்பதால் அது முட்டை சுமக்கும் பெட்டை என்பது அவர் ஊகம். அபூர்வமான பச்சோந்திகளை மேல்நாட்டார் வீட்டிலேயே வளர்த்து, முட்டை பொரிக்க வைத்து, குஞ்சுகளை நல்ல விலைக்கு விற்பதை அவர் கைப்பேசியில் கண்டிருக்கிறார். பட்டணத்துத் தரகர் ஒருவர் விலையும் பேசிவிட்டாராம்.

‘இது குற்றமா? குற்றமானால் கோழி வளர்ப்பதும் மீன் வளர்ப்பதும் ஏன் குற்றமில்லை? அடிபட்டுச் சாக இருந்த ஜீவனை என் மகன் காப்பாற்றினான் அல்லவா?’ என்று அன்பர் வக்கீல் என்ற முறையில் நம்மைக் கேட்கிறார். கடிதம் எழுதப்பட்டது, பிராணி பிடிபட்ட நான்காம் நாள்.

காலதாமதத்துக்கு இடங்கொடாத விஷயமாகையால், உடனே செய்ய வேண்டியதைத் தொலைபேசி மூலம் அன்பருக்குத் தெரிவித்துவிட்டோம். ஆயினும் அவருடைய கேள்விகள் அவர் ஒருவருக்கே உரியவை அல்ல. இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில், எத்தனையோ வாலிபர்கள், இதே ஆசையோடு இதே கைப்பேசிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆதலால் பகிரங்கமாகப் பதில் சொல்வதே முறை என்று கருதுகிறோம். தேச விவகாரங்கள் மலைபோல் குவிந்து கிடக்க, ஓந்திக்கு ஒரு தலையங்கமா என்று நேயர்களில் சிலர் நகைக்கக்கூடும். ஒரு ஜாணளவு பிராணியிடத்தில் சட்டத்தை மதிக்காதவர்கள் பெரிய விஷயங்களில் அதை மதிப்பார்கள் என்பது நமக்கு நம்பிக்கையில்லை என்பதே அவர்களுக்கு நம் விடை.

செந்துறைக்கும் ஊர்வனவற்றின் முட்டைக்கும் உள்ள சம்பந்தம் புதியதன்று. 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் செந்துறைப் பக்கத்து ஓடைப் பகுதியில் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாக அறிவித்தார்கள்; ஆறரைக் கோடி ஆண்டுப் பழைமையென்று சொல்லப்பட்ட அச்செய்தி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. 2020-ல் பக்கத்துக் குன்னம் பகுதியில் உருண்டைக் கற்கள் கிடைத்தபொழுது, ஜனங்கள் அவற்றையும் டைனோசர் முட்டைகள் என்றே எண்ணிக் கூடினார்கள். அவை பண்டைக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் நத்தையொத்த பிராணியைச் சுற்றி இறுகிய படிவங்கள் என்று நிபுணர்கள் பின்னர் விளக்கினார்கள். செத்துக் கல்லாய்ப்போன முட்டைக்கு இத்துணைப் பரபரப்புக் காட்டிய அதே மண்ணில், உயிருள்ள முட்டைகளைச் சுமந்துகொண்டு ஒரு தாய் கண்ணாடிச் சுவரைப் பிராண்டிக்கொண்டிருந்தது என்பதை எண்ணுங்கால், நம் கவனம் எங்கே செல்கிறது, எங்கே செல்ல மறுக்கிறது என்பது விளங்கும்.

முதலில் இப்பிராணி எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம்மவர்களில் பலர் வேலியில் தலையாட்டும் ஓணானையே பச்சோந்தி என்கிறார்கள். இனப்பெருக்க காலத்தில் ஆண் ஓணானின் கழுத்துச் சிவப்பதே இம்மயக்கத்துக்குக் காரணம். மெய்யான பச்சோந்தி வேறு. அதன் கால்விரல்கள் இரண்டும் மூன்றுமாகப் பிரிந்து குறடுபோல் கிளையைப் பற்றும். வால் சுருண்டு ஐந்தாவது கையாக உதவும். கண்கள் இரண்டும் தனித்தனியே வெவ்வேறு திசையில் சுழலும். உடல் நீளத்துக்கும் மேற்பட்ட தூரம் பாயும் நாக்கினால் பூச்சியைப் பற்றி இழுக்கும். உலகில் 200-க்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்பவை. இந்தியாவுக்கு வாய்த்தது ஒரே ஓர் இனம். 1768-ல் லாரெண்டி என்னும் அறிஞர் அதற்கு இலங்கையின் பெயரால் விஞ்ஞானப் பெயர் சூட்டினார். இலங்கையிலும் நம் தீபகற்பத்தின் வறண்ட காடுகளிலும் புதர்களிலும் அது வாழ்கிறது. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகளின் முந்திரித் தோப்புகளும் பழைய உயிர்வேலிகளும் அதற்கு ஏற்ற வாசஸ்தலங்கள்.

இப்பிராணிக்கும் அதன் உறவினர்க்கும் நாம் இழைத்துவரும் அநீதி கொஞ்சமன்று. ராமபிரானுக்கு அணில் நன்மை செய்ததென்றும் ஓணான் தீங்கு செய்ததென்றும் ஒரு கதையைக் கட்டி, அதைச் சாக்காகக் கொண்டு கண்ட இடத்தில் கல்லெறிவது சிறுவர்களின் வழக்கம். ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிப்பதும், மூக்குப்பொடி போட்டு ஆடவிட்டுச் சிரிப்பதும் நம்மில் பலர் இளமையில் கண்டதுதான், சிலர் செய்ததுந்தான். பச்சோந்திக்கு விஷம் உண்டு என்னும் பேச்சும் கிராமங்களில் உலவுகிறது. அதற்கு விஷமே கிடையாது.

சிறுவர்கள் கல்லெறிந்தார்கள் என்றால், பத்திரிகைக்காரர்களாகிய நாம் சொல்லெறிந்தோம். கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று வைவது நம் அரசியல் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் பழகிப்போன வசவு. நமது பேனாவும் இவ்விஷயத்தில் குற்றமற்றதன்று. ஆராய்ந்து பார்த்தால் இவ்வுவமை முழுத் தவறு. சூழ்நிலைக்கேற்ப ஒளிந்துகொள்வதற்காகவே அது நிறம் மாறுகிறதென்று நினைக்கிறோம். உண்மையில் அதன் நிறமாற்றம் பெரும்பாலும் அதன் நிலைமையைப் புலப்படுத்துவது. குளிர்ந்த காலையில் வெயிலை உறிஞ்ச உடல் கறுக்கும். போட்டியாளனைக் கண்டால் நிறம் ஓங்கும். பயந்தாலும் நோயுற்றாலும் மங்கும். 2015-ல் ஜெனீவா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்து, அதன் உயிரணுக்களில் நுண்ணிய படிகங்கள் அடுக்கப்பட்டிருப்பதையும், அவற்றின் இடைவெளி விரிந்து சுருங்குவதால் நிறம் மாறுவதையும் நிரூபித்தார்கள். உள்ளத்தில் உள்ளதை உடம்பிலேயே எழுதிக் காட்டும் பிராணி அது. கட்சி மாறுகிறவர்கள் அத்துணை வெளிப்படையாய் இருந்தால் தேசத்துக்கு எவ்வளவோ நன்மையாய் இருக்கும்!

கண்ணாடித் தொட்டியிலிருந்த பச்சோந்தி ‘எப்பொழுதும் அழகான கருநிறமாக இருக்கிறது’ என்று அன்பர் எழுதியிருந்தார். வெயில் காயும் வேளை தவிர மற்ற வேளைகளிலும் அது கறுத்தே இருக்குமாயின், பெரும்பாலும் அது வேதனையின் அறிகுறி. அது தன் பாஷையில் எழுதியதை அவர்கள் அலங்காரமென்று படித்தார்கள்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இந்தியப் பச்சோந்தி காப்புப் பெற்ற பிராணி. அதைப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். ‘நாங்கள் வேட்டையாடவில்லையே’ என்று சிலர் வாதிக்கலாம். சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லுக்குத் துப்பாக்கியால் சுடுவது மாத்திரம் பொருளன்று. பிடிப்பதும், கண்ணி வைப்பதும், பொறி வைப்பதும் வேட்டையே. பறவைகளையும் ஊர்வனவற்றையும் பொறுத்தவரை, அவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும் கலைப்பதுங்கூட வேட்டையென்றே அச்சட்டம் வகுத்திருக்கிறது.

அதைவிட முக்கியமானது 39-ம் பிரிவு. சட்டத்துக்கு மாறாகப் பிடித்த, வைத்திருக்கிற அல்லது கூட்டில் இனம்பெருக்கிய வனவிலங்கு ராஜ்ய சர்க்காரின் சொத்து என்று அது கூறுகிறது. அதாவது, அந்தத் தொட்டியில் முட்டை பொரித்து முப்பது குஞ்சுகள் வெளிவந்தாலும், அவற்றில் ஒன்றுகூட அந்த வாலிபருக்குச் சொந்தமாகாது. விற்றால் தன் பொருளை விற்றவராகமாட்டார். சர்க்கார் பொருளை விற்றவராவார். அத்தகைய பிராணி எவ்விதத்திலேனும் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவின் கட்டளை. அடிபடப்போன ஜீவனைத் தடுத்துக் காத்த வரையில் பிள்ளையின் செயல் போற்றத்தக்கது. அந்த 48 மணி நேரம் சும்மா கடந்தபொழுது காப்பு என்பது கவர்தலாக மாறிவிட்டது. தரகர் விலை பேசியபொழுது அது வியாபாரமாகவும் மாறத் தொடங்கியது. நல்லெண்ணத்தில் தொடங்கும் குற்றங்களுக்கு வழி இப்படித்தான் திறக்கிறது.

‘உள்நாட்டுப் பச்சோந்தி கூடாதென்றால் வெளிநாட்டுப் பச்சோந்தியை வளர்க்கலாமே’ என்று அடுத்த கேள்வி எழும். உண்மையில் பட்டணங்களில் ‘அபூர்வம்’ என்று விலை கூறப்படுபவை ஏமன் தேசத்துப் பச்சோந்தியும், மடகாஸ்கர் பச்சோந்தியும், அவை போன்ற அந்நிய இனங்களுமே. இவை எந்த வழியில் வருகின்றன என்பதற்கு நம் வாசலிலேயே சாட்சி உண்டு. 2023 ஏப்ரல் 28 அன்று, கோலாலம்பூரிலிருந்து சென்னை வந்திறங்கிய பிரயாணி ஒருவரின் பெட்டிகளில் 22 பாம்புகளையும் ஒரு பச்சோந்தியையும் சுங்க அதிகாரிகள் கண்டெடுத்தார்கள். அதே வருஷம் ஜூலை மாதம் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில், அதே கோலாலம்பூரிலிருந்து வந்த மற்றொருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் அகப்பட்டன. அகப்பட்டவை இவை. அகப்படாமல் வந்தவற்றுக்குக் கணக்கு ஏது? துணிமணிகளுக்கிடையே டப்பாக்களிலும் பைகளிலும் அடைபட்டு, நீரின்றி, காற்றின்றி வரும் ஜீவன்களில் எத்தனை வழியிலேயே மடிகின்றன என்பதை, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மினுக்கும் ஒன்றைப் பார்த்து யாரும் கணித்துவிட முடியாது.

இவ்விஷயத்தில் சட்டம் சும்மா இருந்துவிடவில்லை. அபூர்வ ஜீவன்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 1973-ல் வாஷிங்டனில் ஏற்பட்ட உடன்படிக்கையில் இந்தியா 1976-ல் சேர்ந்தது. ஏறத்தாழ எல்லாப் பச்சோந்திகளும் அதன் இரண்டாம் பட்டியலில் அடங்கும். ஆயினும் நீண்ட காலம் அந்நியப் பிராணிகளை உள்நாட்டில் வைத்திருப்போரைக் கேட்பதற்கு நமது சட்டத்தில் போதிய இடமில்லை. 2020 ஜூனில் மத்திய சர்க்கார், வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து தெரிவித்தால் வாங்கிய பத்திரங்களைக் கேட்பதில்லை என்று அறிவித்தது. 2022-ல் பார்லிமெண்டு செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்து, உடன்படிக்கைப் பட்டியல்கள் சட்டத்தின் நான்காம் அட்டவணையாயின. 2024-ல் வந்த விதிகள் அப்பிராணிகளை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், கைமாறினாலும் குஞ்சு பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டன.

இத்திருத்தத்தை நாம் வரவேற்கிறோம். எனினும் வக்கீலின் கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள் புலப்படாமல் போகவில்லை. முதலாவது, பத்திரம் கேளாமல் தெரிவிப்பை ஏற்றதனால், திருட்டு வழியில் வந்த பிராணியும் நேர்வழியில் வந்த பிராணியும் ஒரே வரிசையில் நின்றுவிட்டன. யாரிடம் இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்லும். எப்படி வந்தது என்பதைச் சொல்லாது. இரண்டாவது, கூட்டில் இனம்பெருக்குவோர் லைசென்சு பெற வேண்டும் என்னும் விதி முதற் பட்டியலைச் சேர்ந்த இனங்களுக்கே உரியது. பச்சோந்திகளோ மிகச் சில நீங்கலாக இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றை வியாபாரமாகப் பெருக்குகிறவர் பிறப்பைத் தெரிவித்தால் போதும். அதற்கான அறிவும் வசதியும் உண்டா என்று முன்கூட்டிக் கேட்கும் லைசென்சு கிடையாது. விலைக்கு விற்பதற்காகப் பெருக்குவோர் அனைவருக்கும் லைசென்சு விதியை விரிக்க வேண்டும். தாய் தந்தைப் பிராணிகள் முறையாக இறக்குமதியானதற்குச் சான்று காட்டாதவர்க்கு லைசென்சு மறுக்க வேண்டும். இது நமது முதல் கோரிக்கை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைப்பது நம் கடமை. ‘வீட்டில் பெருக்கினால் காட்டில் பிடிப்பது குறையும்’ என்பார்கள். இது முழுப் பொய்யன்று. ஏமன் பச்சோந்தியையும் மடகாஸ்கரின் சிற்சில இனங்களையும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலேயே பெருக்கிவருகிறார்கள். அப்பிராணிகளின் நோய், உணவு, முட்டை பற்றி நாம் இன்று அறிந்தவற்றில் பெரும்பகுதி அவ்வளர்ப்பினால் கிடைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் எளிதில் பெருகும் இனம் சீக்கிரமே மலிந்துவிடுகிறது. மலிந்ததும் ரசிகனுக்கு அதில் சுவை குன்றுகிறது. அவன் இன்னும் அபூர்வமானதைத் தேடுகிறான். அபூர்வம் என்பது சரக்கின் குணம் அன்று, அழிவின் அளவு. எதை விலை ஏற்றுகிறோமோ அது குறைந்துபோனதனாலேயே விலை ஏறுகிறது. மடகாஸ்கரிலிருந்து பச்சோந்திகள் கணக்கின்றி ஏற்றுமதியானதைக் கண்டு, 1995-ல் சாதாரணமான நான்கு இனங்கள் நீங்கலாக மற்றவற்றின் வியாபாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2016-ல் தான்சானியா தேசம் உயிருள்ள வனவிலங்குகளின் ஏற்றுமதியையே தடை செய்தது. வீட்டு வளர்ப்பினால் காட்டு வேட்டை தானே குறைந்திருக்குமானால் இத்தடைகளுக்கு அவசியம் ஏது?

வளர்ப்பு எளிதென்று எண்ணுவதும் தவறு. பச்சோந்தி கிண்ணத்திலுள்ள நீரைக் குடிக்க அறியாது. இலையில் சொட்டும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்குவதே அதன் இயல்பு. நிறைந்த கிண்ணத்துக்கு அருகிலேயே அது தாகத்தால் வாடிச் சாகும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் படாவிட்டால் எலும்புகள் மெலிந்து வளைந்துபோகும். கண்ணாடியினூடே வரும் வெயில் அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். உயிருள்ள பூச்சிகளே அதற்கு ஆகாரம். அது தனியே வாழும் பிராணி. எதிரில் மற்றொரு பச்சோந்தி தெரிந்தாலும், கண்ணாடியில் தன் உருவமே தெரிந்தாலும், ஓய்வின்றிக் கலங்கும்.

முட்டைக்காரியின் நிலைமை அதனினும் பரிதாபம். மரத்தில் வாழ்ந்தாலும் முட்டையிட அது தரைக்கு இறங்கி, மண்ணில் குழி தோண்டி, முட்டைகளைப் புதைத்து, மண்ணை மூடிவிட்டுச் செல்லும். நம் நாட்டு இனம் ஒரு தடவையில் 10 முதல் 31 வரை முட்டையிடும் என்று ஆராய்ந்தவர்கள் குறித்திருக்கிறார்கள். தோண்டுவதற்கு ஈரமும் ஆழமும் உள்ள மண் கிடைக்காவிட்டால், முட்டைகளை அடக்கி வைத்துக்கொண்டே இருந்து, முடிவில் அவற்றோடு தானும் சாகும். மீன்தொட்டியின் அடியில் இருந்தது கூழாங்கல். அன்பருக்கு நாம் தொலைபேசியில் பேச நேர்ந்த அவசரம் இதுவே. ஏமன் பச்சோந்தியின் முட்டை பொரிக்க ஆறு மாதத்துக்கு மேலாகும். அத்தனை காலமும் ஈரமும் உஷ்ணமும் மாறாமல் காக்க வேண்டும். மடகாஸ்கரின் லபோர்டு பச்சோந்தியோ எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள்ளிருந்து, வெளிவந்தபின் நான்கைந்து மாதமே உயிர் வாழ்கிறது. இத்தகைய நுட்பமான வாழ்க்கைகளை மூன்று நிமிஷக் கைப்பேசிப் படத்தைப் பார்த்து யார் நடத்த முடியும்?

வளர்ப்பவர் சலித்துப்போனால் விளைவது என்ன என்பதற்கு ஹவாய்த் தீவு உதாரணம். 1972-ல் அங்கே செல்லப்பிராணிக் கடைக்காரர் ஒருவர் கென்யாவிலிருந்து மூன்று கொம்புடைய ஜாக்சன் பச்சோந்திகளை வரவழைத்தார். நெடும் பிரயாணத்தில் மெலிந்தவை தேறட்டும் என்று தோட்டத்தில் விட்டார். அவை தேறின, தப்பின, பெருகின. பின்னர் அத்தீவுகளுக்கே உரிய அருமையான நத்தைகளையும் பூச்சிகளையும் தின்னத் தொடங்கின. கெட்ட எண்ணம் சிறிதுமில்லாத ஒரு மனிதரின் கருணை, பல தீவுகளுக்கு நீங்காத தொல்லையாயிற்று. நம் முந்திரித் தோப்புகளில் அந்நியப் பச்சோந்தி ஒன்று தப்பி வாழத் தொடங்கினால், அதன் நோயும் போட்டியும் நம் ஒரே இனத்தைத் தாக்கமாட்டா என்று யார் ஜாமீன் கொடுப்பார்?

கோழியைப் பற்றி அன்பர் கேட்டதற்கு இப்பொழுது பதில் சுலபம். கோழியும் பசுவும் நாயும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து, அவன் வீட்டையே தம் வீடாக்கிக்கொண்டவை. மாலையில் கூட்டைத் திறந்தால் கோழி தானே உள்ளே வரும். பச்சோந்தியின் தொட்டியைத் திறந்தால் அது வெளியேதான் போகும். வளர்ப்புப் பிராணிக்கும் சிறைப்பட்ட பிராணிக்கும் இதைவிட எளிய பரீட்சை இல்லை. 1976-ல் நமது அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரஜைகளின் கடமைகளில், உயிர்களிடத்தில் கருணை காட்டுவதும் ஒன்று. சிறை வைப்பதைக் கருணையின் உறுப்பாகக் கொள்ள நம்மால் இயலாது.

எனினும் வாலிபரை மாத்திரம் குற்றங்கூறி முடிப்பது நியாயமாகாது. அவர் கண்டபொழுது அந்தப் பச்சோந்திக்கு ஏற்கெனவே வீடு போய்விட்டது. அதன் வீடு எது? தந்தையார் வெட்டுவித்த கிளுவை வேலி. கிளுவையும் கள்ளியும் நொச்சியும் கொடிகளும் பின்னிக் கிடந்த உயிர்வேலி, தோப்புக்குத் தோப்பு செல்லும் பாதையாகவும், பூச்சிகள் நிறைந்த உணவுச்சாலையாகவும், அடியில் முட்டையிடும் மண்ணாகவும் தலைமுறை தலைமுறையாக அதற்குப் பயன்பட்டு வந்தது. இப்பொழுது கல்தூணும் முட்கம்பியும் வருகின்றன. பூச்சிமருந்து தெளிக்கிறோம், அதன் ஆகாரம் அழிகிறது. ரஸ்தாக்கள் அகலமாகின்றன, மெல்ல அசைந்தசைந்து கடக்கும் பிராணி சக்கரத்தில் நசுங்குகிறது. சுண்ணாம்புக்கல்லுக்காகவும் சிமெண்டுக்காகவும் அரியலூர் ஜில்லாவில் தோண்டிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. வெட்டிய வேலிகளின் கணக்கை யாரும் எழுதிவைப்பதில்லை. பிள்ளை பிடித்தது ஒன்று. தகப்பன்மார்களாகிய நாம் வேலியோடு வெட்டி எறிந்தவை எத்தனை?

ஆதலால் நமது இரண்டாவது கோரிக்கை பஞ்சாயத்துகளுக்கும் நிலச்சுவான்களுக்கும். கம்பிவேலி வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். அதன் ஓரத்திலேயே கிளுவைப் போத்தும் நொச்சியும் நட்டுவிடுங்கள். செலவு சொற்பம். பழைய வேலியை ஒரே நாளில் வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டினால், அதில் குடியிருப்பவை அடுத்த பகுதிக்கு நகர்ந்துகொள்ளும். அதே ஜில்லாவின் கரைவெட்டி ஏரிக்கு 2024-ல் ராம்சார் என்னும் சர்வதேச அந்தஸ்து கிடைத்தபொழுது நாம் பெருமை கொண்டாடினோம். ஏரிக்கு வரும் பறவைக்குக் காட்டும் மரியாதையில் ஒரு பங்கை வேலியில் வாழும் ஓந்திக்கும் காட்டலாம். சங்கப் புலவர்கள் பாலைத் திணையைப் பாடும்பொழுது ஓந்தியை மறந்தார்களில்லை. அவர்கள் வழியில் வந்தோமென்று சொல்லிக்கொள்ளும் நாம் அதை மறப்பது அழகன்று.

மூன்றாவது கோரிக்கை பள்ளிக்கூடங்களுக்கும் வனத்துறைக்கும். சட்டம் தெரியாமையினாலேயே இக்குற்றங்களில் பாதி நிகழ்கின்றன. 48 மணி நேர விதியை ஒரு வரியில் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரிலும் ஒட்டினால் என்ன நஷ்டம்? தாமாக முன்வந்து தெரிவிக்கும் கிராமத்தாரை அதிகாரிகள் குற்றவாளியாக மிரட்டாமல் அன்போடு நடத்த வேண்டும். மிரட்டினால், அடுத்த தடவை அகப்படும் பிராணி தரகனிடமே போய்ச் சேரும்.

கடைசியாக, அந்த வாலிபருக்கு. அன்று மாலையே வனத்துறையினருக்குத் தகவல் கொடுத்ததாகவும், அவர்கள் வந்து பார்த்து, இன்னும் வெட்டப்படாமல் நின்ற வேலிப் பகுதியில் அதை விட்டுச் சென்றதாகவும் தந்தையார் மறுநாள் தெரிவித்தார். பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தமாம். ‘இனி எதைப் பார்ப்பது?’ என்று கேட்டாராம். அவ்வருத்தத்தை நாம் மதிக்கிறோம். பிறர் கல்லெடுத்த இடத்தில் கை நீட்டித் தடுத்த பிள்ளை அவர். பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது, தம்பி. இரவில் பச்சோந்தி நிறம் வெளுத்துக் கிளையின் நுனியில் உறங்கும். கைவிளக்கு ஒன்றிருந்தால் தூரத்திலிருந்தே காணலாம். தொடாமல் பார்க்கவும். எந்த மாதத்தில் எத்தனை கண்டீர், எந்தச் செடியில், எந்தப் பூச்சியைத் தின்றது, எப்பொழுது தரைக்கு இறங்கியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் எழுதவும். இந்தியப் பல்லியினங்களைப் பற்றிப் பெரிய நூலை 1935-ல் எழுதியவர் மால்கம் ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். நம் வேலியில் வாழும் பிராணியின் வாழ்க்கையை நம் ஊர்ப் பிள்ளை நம் பாஷையில் எழுதும் காலம் வரவேண்டாமா?

மண்ணுக்குள் அந்த முட்டைகள் இருக்குமானால், ஏறத்தாழ 80 நாளில் குஞ்சுகள் வெளிவரக்கூடும். கிளுவைப் போத்து வேர்பிடித்துத் தழைப்பதற்கும் அத்தனை நாள் போதும். தந்தையார் இன்றே நடட்டும்.